கம்பெனி போனில் ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸ்: எந்த முறையில் எவ்வளவு தெரியும்?

ஆபீஸில் கொடுக்கும் ஆண்ட்ராய்டு போனில் என்னென்ன கண்காணிக்கப்படுகிறது என்று கேட்டால், பலரும் முதலில் பார்ப்பது கம்பெனி எந்த மேலாண்மை கன்சோலை (போன்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை) வாங்கியிருக்கிறது என்பதைத்தான். மைக்ரோசாஃப்ட் இன்டியூன், மேனேஜ்எஞ்சின், ஹெக்ஸ்நோடு என்று பெயர்கள் மாறலாம். எல்லாமே, கம்பெனி போன்களை நிர்வகிக்கக் கூகுள் ஆண்ட்ராய்டுக்குள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸ் என்ற வசதி திறந்துவிட்ட வழிகளில்தான் போனுக்குள் நுழைகின்றன. சாம்சங் நாக்ஸ் போல் போன் தயாரிப்பாளர் தனியாகச் சேர்க்கும் சில வசதிகளைத் தவிர, ஆண்ட்ராய்டு தராத அதிகாரம் எந்தக் கன்சோலுக்கும் கிடையாது. ஆகவே இங்கே எடைபோடுவது ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸை. 50 போன் வாங்கப்போகும் ஐடி பிரிவுக்கும், அதில் ஒன்றைக் கையில் வாங்கப்போகும் ஊழியருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊழியர் வீட்டுக்கு எடுத்துப்போகும் போன் என்றால், வேலைக்கு ஒரு பக்கம், சொந்த உபயோகத்துக்கு ஒரு பக்கம் என்று போனைப் பிரிக்கும் ஒர்க் புரொஃபைல் முறையை, அதிலும் கம்பெனி போனுக்கான வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் முழுவதையும் கம்பெனியின் கையில் கொடுக்கும் ஃபுல்லி மேனேஜ்டு என்னும் முழு நிர்வாக முறை, கடை கவுன்டர், கிடங்கு, ஷிஃப்ட் மாறும்போது கை மாறும் போன், செய்திகளைச் சேமித்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லும் தொழில் ஆகியவற்றுக்கு மட்டும் சரி. "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாப் போனையும் முழு நிர்வாகத்தில் போட்டுவிடுவது ஐடி பிரிவுகளில் பரவலான வழக்கம். அது தப்பு. எந்த முறை என்பது போனை டப்பாவிலிருந்து எடுத்து ஆன் செய்யும் முதல் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு மனம் மாறினால் ஃபேக்டரி ரீசெட் தவிர வேறு வழியில்லை.

இரண்டு முறைக்கும் நடுவில் இருக்கும் சுவர்

ஒர்க் புரொஃபைல் 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்தது. அப்போது அது ஊழியரின் சொந்தப் போனுக்கானது. கம்பெனி வாங்கிக் கொடுத்து, சொந்த உபயோகத்துக்கும் அனுமதிக்கும் போனுக்கு இன்றைய வடிவம் கிடைத்தது 2020-இல், ஆண்ட்ராய்டு 11-இல். அதற்கு முன்னால் இருந்த கலப்பு முறையில், போன் முழுக்க நிர்வாகத்தில் இருக்க, உள்ளே ஒரு ஒர்க் புரொஃபைலும் இருந்தது. ஊழியரின் பகுதியையும் நிர்வாகியால் எட்டிப்பார்க்க முடிந்தது. கூகுள் அதை எடுத்துவிட்டு நடுவில் சுவர் எழுப்பியது. இந்தத் தயாரிப்பின் வரலாற்றில் கூகுள் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

ஆப் பட்டியலைத் திறந்தால் கீழே 'பெர்சனல்', 'ஒர்க்' என்று இரண்டு தாவல்கள் தெரியும். ஒர்க் பக்கத்து ஆப்களின் ஐகானில் ஒரு சின்ன கைப்பெட்டிச் சின்னம் ஒட்டியிருக்கும். அந்தச் சின்னம் உள்ள எதையும் கம்பெனியுடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னம் இல்லாத பக்கத்தில் எந்த ஆப் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஓடியது, என்ன போட்டோ இருக்கிறது என்பது நிர்வாகிக்குத் தெரியாது.

அதற்காகச் சொந்தப் பக்கம் முழுச் சுதந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. போன் கம்பெனியுடையது. ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்), சீரியல் எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் தேதி எல்லாம் கன்சோலில் வரும். போன் முழுவதற்குமான கேமராவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நிறுத்தலாம். யுஎஸ்பி வழியாக ஃபைல் எடுப்பதைத் தடுக்கலாம். சொந்தப் பக்கத்து பிளே ஸ்டோரில் குறிப்பிட்ட ஆப்களை வரவிடாமல் செய்யலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: இந்த ஆப் கூடாது என்று பட்டியல் போட முடியுமே தவிர, யார் போனில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. போன் தொலைந்தால் மொத்தமாக அழிக்கும் அதிகாரமும் கம்பெனிக்கு இருக்கிறது. குழந்தை போட்டோவை இந்தப் போனில் மட்டும் வைத்திருக்கிறவர்கள் வேறெங்காவது ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒர்க் பக்கத்தை மாலையில் ஒரே தட்டலில் நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் அந்தப் பக்கத்து ஆப் எதுவும் ஓடாது, மெயில் வராது, அங்கிருந்து இருப்பிடமும் போகாது. எத்தனை நாள் தொடர்ந்து நிறுத்தி வைக்கலாம் என்று கம்பெனி வரம்பு விதிக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 3 நாளுக்குக் குறைந்த வரம்பை ஏற்காது. வரம்பு தாண்டினால் அவசியமானவை தவிர சொந்த ஆப்கள் மங்கிப்போய்த் திறக்காது. ஒர்க் பக்கத்தை ஆன் செய்தால் திரும்ப வரும். வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் காலை ஆன் செய்கிறவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

என்ரோல் செய்வது

என்ரோல் என்றால் போனைக் கம்பெனி நிர்வாகத்தில் சேர்ப்பது. அதற்குப் போன் புதிதாகவோ ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்கவேண்டும். முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் 6 முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் இந்த வசதி இருக்கிறது. வைஃபை கொடுத்து, கன்சோல் தரும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் மேலாண்மை ஆப் தானாக இறங்கும். முழு நிர்வாகத்துக்கு ஒரு க்யூஆர், ஒர்க் புரொஃபைலுக்கு வேறு க்யூஆர். இரண்டையும் அச்சிட்டு ஒரே மேஜையில் வைத்தால், மாற்றி ஸ்கேன் செய்துவிட்டு ஒரு நாள் வேலை வீணாவது நிச்சயம். தலைப்பைப் பெரிதாக எழுதித் தனித்தனி மேஜையில் வையுங்கள்.

ஸ்கேன் செய்தும் நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. க்யூஆருக்குள் இருக்கும் டோக்கன் (அனுமதிக் குறியீடு) காலாவதியாகியிருக்கும். ஆபீஸ் வைஃபை மேக் முகவரி (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) பார்த்து அனுமதிப்பதாக இருக்கும்; ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தற்செயலான முகவரியைக் காட்டுவதால் அது உள்ளே விடாது. வைஃபை, பிரவுசரில் லாகின் கேட்கும் வகையாக இருக்கும். அல்லது நெடுநாள் அலமாரியில் கிடந்த போனின் தேதி தவறியிருக்கும். தேதி தப்பானால் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் இவற்றில் இரண்டு உடனே தீரும்.

ஜீரோ டச் வழியில் க்யூஆரே வேண்டாம். போனை ஆன் செய்து நெட் கொடுத்ததும் அதுவே கம்பெனிக்குள் வந்துவிடும். ஆனால் கூகுள் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கி, அவர் ஐஎம்இஐ-களை ஏற்றித் தந்தால்தான் நடக்கும். பக்கத்துக் கடையில் பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய 20 போனுக்கு இது கிடைக்காது. பழைய போன்களை விற்கும்போது அந்தப் பட்டியலிலிருந்து நீக்க மறந்தால், வாங்கினவர் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் போன் உங்கள் கம்பெனிக்கே திரும்பும்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கும். ஊழியர் போனை ஆன் செய்து, சொந்த ஜிமெயில் போட்டு, எல்லாம் முடிந்தபின் மேலாண்மை ஆப்பை இறக்கினால் ஒர்க் புரொஃபைல் என்னவோ உருவாகும். அது சொந்தப் போன் வகை. கன்சோலில் 'பெர்சனல்' என்று விழும், ஆண்ட்ராய்டு 12 முதல் ஐஎம்இஐ வராது, ஊழியர் நினைத்தால் புரொஃபைலை அழித்துவிடலாம். கம்பெனி சொத்துக் கணக்கில் போன் இருக்கும், கட்டுப்பாட்டில் இருக்காது. சரிசெய்ய ரீசெட் ஒன்றே வழி.

அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள்

இந்தத் தயாரிப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, யாரும் திறந்து பார்க்காத ஒரு செட்டிங்ஸ் பக்கம். பிக்சல் போன்களில் செக்யூரிட்டி பகுதிக்குள் 'மேனேஜ்டு டிவைஸ் இன்ஃபோ' என்ற பெயரில் இருக்கும். மற்ற பிராண்டுகளில் இடம் மாறும், சிலவற்றில் இருக்காது. செட்டிங்ஸ் தேடலில் 'மேனேஜ்டு' என்று அடித்துப் பார்ப்பது சுலபம்.

முழு நிர்வாகப் போனில் இந்தப் பக்கத்தின் முதல் பகுதி, நிறுவனம் பார்க்கக்கூடியவை. ஒர்க் அக்கவுன்ட்டின் மெயில், காலண்டர் போன்ற தரவு. போனில் உள்ள ஆப்களின் பட்டியல். ஒவ்வொரு ஆப்பிலும் செலவான நேரமும் டேட்டாவும். அதற்குக் கீழே மூன்று வரிகள் கவனிக்கவேண்டியவை: கடைசி நெட்வொர்க் டிராஃபிக் லாக், கடைசி பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை), கடைசி செக்யூரிட்டி லாக். ஒவ்வொன்றுக்கும் நேராக நிர்வாகி கடைசியாக எடுத்த தேதி இருக்கும், அல்லது எடுக்கவே இல்லை என்று இருக்கும். கம்பெனியால் முடியும் என்பதற்கும் கம்பெனி செய்திருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போனே எழுத்தில் தருகிறது. அதற்கடுத்த பகுதி நிறுவனம் செய்த மாற்றங்கள்: அவர்களே நிறுவிய ஆப்கள், எந்தெந்த ஆப்புக்கு இருப்பிடம், மைக், கேமரா அனுமதியை அவர்களே கொடுத்திருக்கிறார்கள், எப்போதும் ஓடும் விபிஎன் இருக்கிறதா, பிராக்ஸி (இணையப் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். கடைசியில், எத்தனை முறை பாஸ்வேர்டு தப்பானால் போன் தானாக அழியும் என்ற எண். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நெட்வொர்க் லாகைப் பற்றிய பயமும் அலட்சியமும் இரண்டுமே அதிகம். ஆண்ட்ராய்டு 8.0-இல் வந்த இது, எந்த ஆப் எந்தத் தளத்தின் பெயரைத் தேடியது, எந்த ஐபி முகவரிக்கும் போர்ட்டுக்கும் இணைந்தது, எப்போது என்பதைக் குறிக்கிறது. அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது அதில் இல்லை. ஆனால் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் பெயரோ ஒரு மருத்துவமனையின் பெயரோ தெரிந்தாலே போதும், ஊகிக்கிறவர் ஊகித்துவிடுவார். லாக் ஆன் ஆனதும் போனில் ஒரு அறிவிப்பு வரும். ஒர்க் புரொஃபைல் போனில் இந்த லாக் ஒர்க் பக்கத்தோடு நின்றுவிடும். முழு நிர்வாகத்தில் போன் முழுக்கப் பதிவாகும்.

கம்பெனி தன் சொந்தச் சான்றிதழைப் போனில் ஏற்றி, பிராக்ஸி வழியாக எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க முடியுமா? குரோமில் போகும் தளங்களைப் பொறுத்தவரை முடியும். வாட்ஸ்அப், வங்கி ஆப்கள் விஷயத்தில் முடியாது. ஆண்ட்ராய்டு 7.0 முதல், பின்னால் சேர்த்த சான்றிதழ்களை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. பிராக்ஸி இடையில் புகுந்தால் அந்த ஆப் இணைப்பையே மறுத்துவிடும். வாட்ஸ்அப் ஆபீஸ் வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

செய்திகளும் அழைப்புகளும்

அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் வழியில் படிக்க முடியாத எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது, ஆகவே கம்பெனி படிக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவேண்டும். என்கிரிப்ஷன் செய்தியைப் பயணத்தில் காக்கிறது. போனில் இறங்கியபின், படிக்கக்கூடிய எழுத்தாகத்தான் இருக்கிறது. போனே கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தால், அங்கே காப்பது என்கிரிப்ஷன் இல்லை, ஆண்ட்ராய்டின் அனுமதி முறை.

மேலாண்மை வசதியில் எஸ்எம்எஸ்ஸையோ கால் லாகையோ நேராகப் படிக்கும் கட்டளை கிடையாது. விற்பனையாளர்கள் இதை முதல் வரியில் சொல்வார்கள், அது உண்மைதான். அவர்கள் சொல்லாதது: முழு நிர்வாகப் போனில் நிர்வாகி எந்த ஆப்பையும் உங்களைக் கேட்காமல் நிறுவலாம், அதற்கு அனுமதிகளையும் கேட்காமல் கொடுக்கலாம். எஸ்எம்எஸ், கால் லாக் அனுமதிகள் இதில் அடக்கம். ஆண்ட்ராய்டு 12-இல் கூகுள் இருப்பிடம், மைக், கேமரா, உடல் அசைவு போன்ற சென்சார் அனுமதிகளை மட்டும் தனியாகப் பிரித்தது. ஒர்க் புரொஃபைலில் நிர்வாகி அவற்றை மறுக்கலாமே தவிர, உங்களுக்குப் பதிலாகத் தர முடியாது. முழு நிர்வாகத்தில் தரலாம், ஆனால் செட்டப் நேரத்தில் போன் அதைச் சொல்லிவிடும். இருப்பிட அனுமதி தந்தால் அறிவிப்பும் வரும். ஆகவே முழு நிர்வாகப் போனில் பார்க்கவேண்டியது மேலாண்மை ஆப்பை மட்டுமல்ல; அது கொண்டுவந்து இறக்கிய மற்ற ஆப்களின் அனுமதிப் பட்டியலையும்தான்.

சேமிப்பது கட்டாயமான தொழில்களும் உண்டு. அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்கள் தொழில் சம்பந்தமான செய்திகளைப் பாதுகாத்து வைக்கவேண்டும். ஊழியர்கள் வாட்ஸ்அப்பிலும் சொந்த எஸ்எம்எஸ்ஸிலும் பேசிக்கொண்டதைச் சேமிக்காததற்காக 2021 டிசம்பரில் ஜேபி மோர்கனின் தரகுப் பிரிவுக்கு அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் 12.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. இந்தத் தேவைக்காகத்தான் கூகுள் 2025 இறுதியில் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறைச் செய்தி முறை) காப்பக வசதியைக் கொண்டுவந்தது. முழு நிர்வாகத்தில் உள்ள பிக்சல் மற்றும் ஒத்துப்போகும் போன்களில், கூகுள் மெசேஜஸில் வரும், போகும், திருத்தும், அழிக்கும் செய்திகளைக் கம்பெனி அமர்த்திய காப்பக ஆப் போனிலேயே படித்துச் சேமிக்கும். அது இயங்கும்போது ஊழியருக்கு அறிவிப்பு தெரியும். நியாயமான வசதிதான், ஆனால் தரகு, வங்கி போன்ற தொழில்களுக்கு மட்டும். ஒரு சிமென்ட் டீலரின் விற்பனைப் பிரதிநிதிக்கு இதை ஆன் செய்யவேண்டிய காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

"ஊழியரின் வாட்ஸ்அப்பை அப்படியே காட்டுவோம்" என்று விற்கப்படும் ஆப்கள் வேறு வகை. அவை பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து, நேராக நிறுவும் ஏபிகே ஃபைலாக வரும். ஆபத்தான ஆப்களைத் தடுக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை நிறுத்தச் சொல்லும், அக்ஸெசிபிலிட்டி அனுமதி கேட்கும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட உருவான அனுமதி அது. அதை வைத்து உங்கள் திரையில் ஓடும் ஓடிபி வரை எல்லாவற்றையும் படித்துவிடலாம். ஊழியரின் தகவல் மட்டுமில்லை, கம்பெனியின் வங்கி விவரமும் யாரோ ஒருவரின் சர்வரில் போய் உட்காரும். எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கம்பெனி கொடுத்த போனில் இப்படி ஒன்று இருந்தால் ஐடி பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

இருப்பிடம்: அதிகச் சண்டை இங்கேதான்

மருந்துப் பிரதிநிதி, வசூல் ஊழியர், சர்வீஸ் டெக்னீஷியன் என்று வெளியில் சுற்றும் வேலைகளில் கம்பெனி முதலில் கேட்பதும், ஊழியர் அதிகம் வருந்துவதும் இதற்குத்தான். இருப்பிடத்தைக் கன்சோலுக்கு அனுப்புவது பெரும்பாலும் கன்சோல் நிறுவனத்தின் துணை ஆப், அல்லது கம்பெனியின் சொந்த ஃபீல்டு ஆப். அதனால் மற்ற ஆப்களுக்கு உள்ள தடைகள் அத்தனையும் இதற்கும் உண்டு.

பின்னணியில் ஓடும் ஆப்புக்கு ஆண்ட்ராய்டு 8.0 முதல் மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். போன் அசையாமல் மேஜையில் கிடந்தால் பேட்டரியை மிச்சப்படுத்தும் டோஸ் நிலைக்குப் போய் அதுவும் தள்ளிப்போகும். சில பிராண்டுகளின் பேட்டரி சேமிப்பு இதற்கும் மேலே போய், பின்னணி ஆப்பையே கொன்றுவிடும். விளைவு: வரைபடத்தில் காலை 10.40-க்கு வைத்த புள்ளி மதியம் 2 மணிக்கும் அதே இடத்தில் நிற்கும். மேலாளர் பார்த்துவிட்டு, ஆள் மூன்று மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான் என்று முடிவுகட்டுவார். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காமல் செல் டவரை நம்பும்போது புள்ளி பல நூறு மீட்டர் தள்ளி விழும். பக்கத்துத் தெரு வாடிக்கையாளரிடம் போகவில்லை என்று அறிக்கை வரும்.

சம்பளம் பிடிக்கவோ மெமோ கொடுக்கவோ இந்தப் புள்ளிகளை மட்டும் ஆதாரமாக வைக்கக் கூடாது. வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் கடைசியாகப் புதுப்பித்த நேரமும் துல்லிய அளவு மீட்டரிலும் திரையில் தெரியும் கன்சோலாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டும் காட்டாத கன்சோலை டெமோவிலேயே நிராகரிக்கலாம். தொடர்ச்சியான தடம் உண்மையிலேயே தேவைப்படும் வேலைக்கு, ஓடும்போது அறிவிப்புப் பட்டையில் நிலையாகத் தெரியும் ஆப் வேண்டும். ஊழியர் 'வேலை தொடக்கம்' அழுத்தினால் ஆரம்பித்து 'முடிவு' அழுத்தினால் நிற்கும் வகைதான் நல்லது. மேலாண்மை ஆப்பையும் ஃபீல்டு ஆப்பையும் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்குவதை என்ரோல் செய்யும் அன்றே செய்துவிட வேண்டும்.

ஒர்க் புரொஃபைல் போனில் ஊழியருக்கு இன்னொரு கைப்பிடி இருக்கிறது. செட்டிங்ஸில் லொக்கேஷன் பக்கத்தில், ஒர்க் புரொஃபைலுக்கான இருப்பிட ஸ்விட்ச் தனியாக இருக்கும். கூகுள் மேப்ஸ் சொந்தப் பக்கத்தில் வழி காட்டிக்கொண்டே இருக்க, வேலைப் பக்கத்துக்கு மட்டும் இருப்பிடத்தை நிறுத்தலாம். கம்பெனி விதியில் இதற்கு இடம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்துக்குப் பின்னும் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015-இல் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு உதாரணம். கம்பெனி ஐபோனில் இருந்த இருப்பிட ஆப் 24 மணி நேரமும் ஓடுகிறது என்பதால் அதை நீக்கினேன், அதற்காக வேலையை விட்டு நீக்கினார்கள் என்று ஒரு பெண் ஊழியர் வழக்குப் போட்டார். மேலே சொன்ன மாலை நேர ஒர்க் ஸ்விட்ச் இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கே தேவை இருந்திருக்காது.

ஐபோனுடன் ஒப்பிட்டால்

கம்பெனி ஐபோன் 'சூப்பர்வைஸ்டு' (நிறுவனத்தின் மேற்பார்வை) நிலையில் இருந்தால் செட்டிங்ஸின் உச்சியிலேயே, இந்த ஐபோனை இன்ன நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி தெரியும். ஆப்பிளின் மேலாண்மை முறையில் இருப்பிடம் கேட்க ஒரே வழி, தொலைந்த போனுக்கான லாஸ்ட் மோடு. அதை ஆன் செய்தால் போன் பூட்டிக்கொண்டு திரையில் செய்தி காட்டும், ரகசியமாகச் செய்ய முடியாது. ஊழியரின் அனுமதியோடு ஓடும் தனி ஆப் வேறு கணக்கு. இருப்பிட விஷயத்தில் ஆப்பிளுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். ஆனால் கம்பெனி ஐபோனில் ஆண்ட்ராய்டு போல சொந்தப் பக்கம், வேலைப் பக்கம் என்ற சுவர் இல்லை. நிறுவிய எல்லா ஆப்களின் பட்டியலும் நிர்வாகிக்குப் போகும். ஐமெசேஜ், போட்டோ, சஃபாரி வரலாறு மேலாண்மை வழியாகப் போகாது. ஐடி பிரிவுக்கு ஒரு எச்சரிக்கை: கன்சோல் ஐபோன்களுடன் பேசத் தேவையான ஆப்பிள் புஷ் சான்றிதழை வருடத்துக்கு ஒரு முறை, முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கிலிருந்து புதுப்பிக்கவேண்டும். கணக்கை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய், வேறு கணக்கில் புதிதாக எடுத்தால், எல்லா ஐபோனையும் மறுபடி என்ரோல் செய்யவேண்டி வரும். தனி நபர் பெயரில் இல்லாமல் ஆபீஸ் பொது மெயிலில் அந்தக் கணக்கைத் தொடங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7-வது பிரிவில், வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். சட்டத்தைக் காட்டி ஊழியர் பெரிதாகத் தடுக்க முடியாத இந்த நிலையில், எந்த முறையில் என்ரோல் செய்கிறார்கள் என்பதற்கு இன்னும் அதிக எடை சேர்கிறது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. ருமேனியாவில் ஆபீஸ் மெசஞ்சரில் ஊழியர் எழுதியதைப் படித்து வேலையை விட்டு நீக்கிய வழக்கில், கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது.

விலையும், போனைத் திருப்பித் தருவதும்

ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸுக்குக் கூகுள் தனியாகக் காசு வாங்குவதில்லை. செலவு கன்சோலுக்குத்தான், பெரும்பாலும் ஒரு போனுக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில். சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் 25 சாதனம் வரை இலவசப் பதிப்பு தருகிறது. சிறு நிறுவனங்கள் இரண்டு முறைகளையும் நிஜப் போன்களில் போட்டுப் பார்க்க அது போதும். போன் வாங்கும்போது ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸ் ரெகமண்டட் பட்டியலில் உள்ள மாடலாகப் பாருங்கள். கம்பெனி உபயோகத்துக்கான கூகுளின் தேவைகளை நிறைவேற்றிய மாடல்கள் அவை.

வேலையை விட்டு விலகும்போது அதிகம் சிக்குவது ஃபேக்டரி ரீசெட் பாதுகாப்பில். ஊழியர் தன் ஜிமெயிலைப் போட்டு வைத்த போனை அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போவார். ஐடி ஆட்கள் ஸ்கிரீன் லாக் தெரியாமல் ரெக்கவரி வழியாக ரீசெட் செய்வார்கள். போன் எழுந்ததும் பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார். இதைத் தவிர்க்க நிர்வாகி, ரீசெட்டுக்குப் பின் போனைத் திறக்கக்கூடிய கம்பெனி கூகுள் கணக்கைப் பாலிசியிலேயே முதல் நாளில் குறித்துவைக்க வேண்டும். ஊழியர் தன் பங்குக்கு, போட்டோக்களையும் வாட்ஸ்அப் பேக்கப்பையும் எடுத்துக்கொண்டு, வங்கி ஆப்களில் லாக் அவுட் செய்து, யுபிஐ-யை வேறு போனுக்கு மாற்றி, செட்டிங்ஸின் அக்கவுன்ட்ஸ் பகுதியில் சொந்த ஜிமெயிலை நீக்கவேண்டும். சிம் கம்பெனியுடையது என்றால் அந்த எண்ணில் ஓடிபி வரும் ஆதார், வங்கி, மெயில் கணக்குகளை நோட்டீஸ் காலம் தொடங்கும்போதே மாற்ற ஆரம்பியுங்கள். ஆதாரில் எண் மாற நாள் பிடிக்கலாம். பிறகு ஐடி ஆட்கள் முன்னிலையில் ரீசெட் செய்து, கன்சோலிலிருந்து அந்தப் போன் நீக்கப்பட்டதற்கும் ஒப்படைத்ததற்கும் ஐஎம்இஐ எண்ணோடு ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.